இடது முழங்கை

ஜூலை 28, திங்கள். காலை 7.00: எடை முந்தைய நாளைவிட ஒரு கிலோ கூடுதல். நீர் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஒட்சிசன் இயந்திரம் இரண்டாம் அளவில்.

ஜூலை 29, செவ்வாய். காலை 7.00: நீர் மாத்திரை கொடுக்கப்பட்டது. 8.20: நீர் மாத்திரை மீண்டும் கொடுக்கப்பட்டது. உட்கொள்ளப்படவில்லை.

ஜூலை 30, புதன். பிற்பகல் 2.00: தாதி வந்தார். வீட்டு உதவியாளருக்கான விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்துச் சென்றார். கையெழுத்திடப்படவில்லை.

ஜூலை 31, வியாழன். மாலை 5.52: மகள் தொலைபேசியில் அழைத்தாள். எல்லாம் நலம் என்று சொல்லப்பட்டது. 6.00: காலக்கெடு முடிந்தது.

இவை என் கொப்பியில் நான் எழுதியவை. கடைசி வரி மட்டும் நோயைப் பற்றியதன்று. அது பேஸ்போல் விளையாட்டைப் பற்றியது. ஜூலை முடிவில் ஒரு நாள், மாலை ஆறு மணிவரை, அணிகள் தமக்குள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கையில் இருப்பவர்களை வைத்துக்கொண்டுதான் எஞ்சிய மாதங்களை ஓட்டவேண்டும். அந்த ஜூலையில் என் மனைவிக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, ரொறன்ரோ அணியின் புல்பென். மற்றது, நான்.

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளை நான் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘இஞ்சேரும்’ என்றுதான் அழைத்தேன். அவள் போனபிறகு, எழுத்தில் மட்டும் புதிதாக ஓர் உரிமையை எடுத்துக்கொள்வது முறையாகாது.

புல்பென் என்பது மைதானத்தின் ஓரத்தில் வேலியடைத்த ஓர் இடம். ஆட்டத்தைத் தொடங்கியவர் களைத்ததும் அவருக்குப் பதிலாக இறங்கிப் பந்தெறிவதற்கென்று ஏழெட்டுப் பேர் அங்கே காத்திருப்பார்கள். தொடங்கியவரே ஒன்பது இன்னிங்ஸும் கடைசிவரை எறிவது இக்காலத்தில் அரிது. ஆகவே ஓர் அணியின் தலைவிதி, பாதி ஆட்டத்துக்கு மேல், அந்த வேலிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. இதை எனக்கு விளக்கியவள் அவள். மற்றவர்கள் ஓட்டங்களைப் பார்க்கும்போது அவள் வேலிக்குள் பார்த்தாள்.

“ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் ராசாக்கள். எட்டாவதுக்கு ஆள் இல்லை. உள்ளவங்கள் எல்லாரும் சித்திரையிலையிருந்து எறிஞ்சு எறிஞ்சு கை செத்துப்போய்க் கிடக்கிறாங்கள். ஒரு இடக்கைக்காரன் எண்டாலும் பிடிக்காட்டி, இந்த முறையும் கோவிந்தாதான்.”

ஒட்சிசன் குழாய் மூக்கில் இருக்க, மில்லிக்கனில் எங்கள் வீட்டு முன்னறையில் போடப்பட்ட கட்டிலில் சாய்ந்தபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி அவள் இதைச் சொன்னாள். அவளுடைய இதயம் தன் கொள்ளளவில் பாதிக்கும் குறைவாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் அவ்வளவு விரிவாகப் பேசியதில்லை.

அவளுக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேலையால் வந்தது. ஸ்காபரோவில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவள் பல ஆண்டுகள் இருந்தாள். அவளுக்கென்று அங்கே ஒரு மேசை இருக்கவில்லை. அவள் ‘றிலீஃப்’. வரிசையில் இருக்கும் ஒருத்தி எழும்பிப் போனால், அவள் திரும்பி வரும்வரை அந்த இருக்கையில் இருந்து அந்த வேலையைச் செய்வதே அவளுடைய வேலை. யார் எப்போது எழும்புவது என்பதற்கு ஓர் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பின்பற்றவில்லை. வரிசையின் பின்னால் மெல்ல நடப்பாள். யாருடைய கை இன்னும் சிறிது நேரத்தில் பிழை செய்யப் போகிறதோ அவளுடைய தோளருகே போய் நிற்பாள். ஒருவரையும் எழும்பு என்று சொன்னதில்லை, இருக்கையை இழுத்ததுமில்லை. நிற்பாள், அவ்வளவே. அவர்கள் தாமாகவே எழும்புவார்கள். மேற்பார்வையாளர் முதலில் முறைத்தார். பழுதாகித் திரும்பிவரும் பலகைகள் குறைந்ததும் அட்டவணையைக் கழற்றிவிட்டார்.

அந்த வரிசைக்கு மேலே ஒரு தட்டில் வானொலி இருந்தது. கோடைகாலப் பிற்பகல்களில் ஆட்டம் ஒலிபரப்பாகும். மூன்றாவது இருக்கையில் இருந்த டொமினிக்கன் பெண் ஒருத்தி, அரைகுறை ஆங்கிலத்தில், அதே அளவு அரைகுறை ஆங்கிலம் தெரிந்த இவளுக்கு அதை விளக்கினாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுமுன்பே இவள் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, என்ரை வேலையை வைச்சு ஒரு விளையாட்டே நடத்துறாங்கள்.”

நான் பொறியியல் படித்தவன். ஒரு பாலத்தின் இரும்பு எத்தனை ஆயிரம் தடவை சுமை ஏறி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கத் தொடங்கும் என்பது என் ஆய்வேட்டின் பொருள். உலோகம் களைக்கும் என்பதைச் சமன்பாடுகளால் நிறுவி, அதற்காக ஒரு முனைவர் பட்டமும் பெற்றவன். வீட்டுக்கு வருபவர்களிடம் அவள் என்னை அறிமுகப்படுத்தும் முறை இது:

“இவர் இரும்பு களைக்கிறதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினவர். மனுசர் களைக்கிறது சிலபஸிலை வரேல்லையாம்.”

அவள் சமன்பாடு எதையும் வைத்திருக்கவில்லை. சிறு சிறு அடையாளங்களை வைத்திருந்தாள். பந்தெறிபவரின் தோள் இறங்குவதை எல்லாரும் பார்ப்பார்கள். அது காலம் கடந்த அடையாளம் என்பாள். “உவன் சப்பாத்தாலை மண்ணைத் தட்டுறான், பாத்தனீங்களே? நல்லா இருக்கேக்கை தட்டமாட்டான்.” இரண்டு பந்துகளுக்குள் அவர் வாங்கிக் கட்டிக்கொள்வார். அணியின் முகாமையாளர் அப்போதுதான் அவரை மாற்றப் படியேறி வருவார். இவள் தொலைக்காட்சியைப் பார்த்து, “இப்ப என்னத்துக்கு வாறாய்? செத்தவீட்டுக்கோ?” என்பாள்.

என்னைப் பற்றியும் அவளிடம் ஓர் அடையாளம் இருந்தது. நான் பிறரைத் திருத்துபவன். அது ஆசிரியத் தொழிலில் வந்த குறைபாடு. மொன்றியலுக்குக் காரில் போகும்போது தமிழ் நிகழ்ச்சியொன்றைப் போட்டால், அறிவிப்பாளர் விடும் ஒவ்வொரு பிழையையும் நான் வாய்விட்டுத் திருத்திக்கொண்டே ஓட்டுவேன். ஒருமுறை கிங்ஸ்ரன் தாண்டியதும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எனக்குக் களைப்பில்லை என்றேன்.

“கடைசி மூண்டு பிழையையும் விட்டிட்டியள். இறங்குங்கோ.”

அன்றிலிருந்து அந்தத் திருப்பத்தில் கார் அவள் கைக்கு மாறுவது வழக்கமாயிற்று. நான் எதிர்த்து வாதிட்டிருக்கிறேன். ஒருமுறையும் வென்றதில்லை.

எங்கள் மகள் இடக்கைக்காரி. ஆறு வயதில் அவள் இடக்கையால் சோற்றைக் குழைத்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. “கையை மாத்து” என்பேன். சில நாள்கள் அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்து சாப்பிடச் செய்தேன். பிள்ளை அழாமல் சாப்பிட்டாள். மிகக் குறைவாகச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ என் மனைவி அந்தக் கையை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதிலை ஒரு பிழையும் இல்லை. இந்த ஊரிலை இடக்கைக்காரனுக்கு எவ்வளவு தட்டுப்பாடு தெரியுமே? சும்மா கிடக்கட்டும். ஒரு நாளைக்குத் தேவைப்படும்.”

முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வீட்டில் இடக்கை, பிறர் வீட்டில் கரண்டி.

பேஸ்போலில் முகாமையாளர் பந்தெறிபவரை மாற்ற நடந்து வரும்போதே தன் கையைத் தொட்டுக் காட்டுவார். வலக்கையைத் தொட்டால் வேலிக்குள் இருந்து வலக்கைக்காரர் வருவார். இடக்கையைத் தொட்டால் இடக்கைக்காரர். பல ஆண்டுகளுக்குப் பின், பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விழாவில் நான் பாலங்களைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்ததாக நன்றியுரை சொல்லவேண்டியவள் என் மகள். மூன்றாவது வரிசையில் இருந்த என் மனைவி, சிரிப்பே இல்லாத முகத்துடன், இடது முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். நான் ஒரு வாக்கியத்தின் நடுவே இருந்தேன். அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். கைதட்டல் வழமையைவிடப் பலமாக இருந்தது.

“என்ன அன்ரி, அங்கிளுக்கு அவ்வளவு பயமே?” என்று யாரோ கேட்டார்கள்.

“பயமில்லைத் தம்பி. இன்னும் ரெண்டு பந்து விட்டிருந்தா அடிச்சுக் கிளப்பியிருப்பாங்கள்.”

அவள் வலியுறுத்திய வழக்கம் இன்னொன்று உண்டு. மாற்றப்படுபவர் பந்தை முகாமையாளரின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். எறிந்துவிட்டுப் போவதும், தரையில் போட்டுவிட்டுப் போவதும் அவளுக்கு ஆகாது. “ஆருக்கும் தானாக் குடுக்க மனம் வராது. ஆனால் கையிலை குடுக்கவேணும்” என்பாள்.

அந்த ஜூலைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களாக அவளை நான் ஒருவனே பார்த்துவந்தேன். எடை பார்ப்பது, உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரை, குளிக்கவார்ப்பது, உப்பில்லாத சமையல், ஒட்சிசன் குழாய், மருத்துவமனைப் பயணம் எல்லாவற்றுக்கும் கொப்பியில் நேரம் இருந்தது. தாதி இருமுறை உதவியாளர் ஒருவரைப் பரிந்துரைத்தார். மறுத்தேன். யூனியன்வில்லில் இருக்கும் மகள் வாரத்தில் இரண்டு நாள் வந்து தங்குவதாகச் சொன்னாள். அவளுக்குப் பிள்ளைகளும் வேலையும் உண்டு என்று காரணம் காட்டி மறுத்தேன். உண்மைக் காரணம், என்னைப்போல் வேறொருவர் துல்லியமாகச் செய்யமாட்டார் என்று நான் நம்பியது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோனேன். அவள் மாத்திரையை வாங்கினாள். வாயில் போடவில்லை. உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“இது என்ன?”

“தண்ணி மாத்திரை.”

“ஏழு மணிக்கு என்ன தந்தனீங்கள்?”

கொப்பியைப் பார்த்தேன். ஏழு மணிக்கு நேராக என் கையெழுத்து இருந்தது.

“விடும். ஒரு நாள் பிழைதானே” என்றேன்.

“ஒரு நாள் இல்லை. முந்தாநாளிலையிருந்து பாக்கிறன். நேற்றுத் திங்கள். நான் வேணுமெண்டே ‘இண்டைக்கு ஞாயிறு’ எண்டனான். ‘ஓம்’ எண்டிட்டுப் போறியள். நீங்கள்! ஞாயிறு எண்டா ஓம் எண்டுற ஆளே நீங்கள்?”

நான் கொப்பியை மூடினேன்.

“வியாழன் பின்னேரம் ஆறு மணி. அவங்களுக்கும் அதுதான் டெட்லைன், உங்களுக்கும் அதுதான். ஒரு ஆளைப் பிடியுங்கோ. பிள்ளையைக் கூப்பிடுங்கோ, இல்லாட்டித் தாதி சொன்ன மனுசியைக் கூப்பிடுங்கோ. ஆர் எண்டாலும் சரி.”

“நான் செய்யிறன்தானே.”

“பந்தெறியிற மேடையிலை நிக்கிற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவங்கள்.”

“நீர் பேசாமல் படும். மூச்சு வாங்குது.”

“மூச்சு எனக்கு எப்பவும் வாங்கும். கை நடுங்குறது உங்களுக்கு.”

அவள் தானே மகளை அழைத்திருக்கலாம். தொலைபேசி அவள் தலையணைக்கு அருகில்தான் இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. அருகில் வந்து நிற்பாள். இருக்கையை இழுக்கமாட்டாள்.

வியாழக்கிழமை பிற்பகல் முழுவதும் தொலைக்காட்சியில் மாற்றங்களைப் பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எந்த அணி யாரை விடுகிறது, எவருடைய முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்தது, யார் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றெல்லாம் திரையின் அடியில் வரிகள் நகர்ந்தன. அவள் வரிகளை வாசித்தாள், இடையிடையே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. மேசையில் தாதி விட்டுச்சென்ற படிவம் கிடந்தது. ஐந்து நாற்பதுக்கு நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். மகளின் எண்ணைத் திரையில் கொண்டுவந்தேன். எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தொலைபேசி என் கையிலேயே ஒலித்தது. மகள்.

“அப்பா, எல்லாம் ஓகேயா?”

“ஓம்.”

“அம்மா?”

“சாப்பிட்டவா. ரீவி பாக்கிறா.”

“நீங்கள் ஓகேயா அப்பா? எனக்கு ஏதும் சொல்லவேணுமா?”

என் மனைவி இப்போது திரையைப் பார்க்கவில்லை. ஒட்சிசன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு எட்டு நிமிடங்கள் இருந்தன. ஒரு வாக்கியம் போதும்.

“ஒண்டும் இல்லை. எல்லாம் சரி” என்றேன்.

ஆறு மணியானது. அணி இரண்டு பேரைப் பிடித்திருந்தது. அவள் செய்தியை இறுதிவரை கேட்டாள்.

“ஒருத்தன் பரவாயில்லை. மற்றவனுக்கு ஏற்கனவே அரைவாசி முடிஞ்சுது” என்றாள். பிறகு, கோபமில்லாமல், “சரி. இனி இருக்கிற ஆக்களை வைச்சு ஒப்பேத்தவேண்டியதுதான்” என்றாள். அது அணியைப் பற்றியும் என்னைப் பற்றியும் சொல்லப்பட்டது. அவள் அதை மறைக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டம் இருந்தது. நான் கட்டிலின் அருகே நாற்காலியில் இருந்தேன். மூன்றாவது இன்னிங்ஸ்வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஆறாவது நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவள் இல்லை. ஒட்சிசன் குழாய் அறையைத் தாண்டி நடைவழிவரை இறுக்கமாக இழுபட்டுக் கிடந்தது. அதன் மறுமுனையில், குளியலறை வாசலில், அவள் தரையில் கிடந்தாள். இடுப்பு முறிந்திருந்தது. சத்தமிடவில்லை. எட்டிய துவாயைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஏன் என்னைக் கூப்பிடேல்லை?” என்றேன். அந்தக் குரலில் நான் அவளிடம் அதற்குமுன் பேசியதில்லை.

“நல்ல நித்திரை. குழப்ப மனம் வரேல்லை. கொஞ்ச நேரம் றிலீஃப் தருவம் எண்டு பாத்தன்.”

அம்புலன்ஸில் வந்தவர்கள் அறிவித்ததும் புறப்பட்ட மகள், மருத்துவமனையில் எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். முதல் நாள் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், தேநீர் வாங்கும் வரிசையில் நிற்கும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

“ஒரு கிழமையா என்ரை காரிலை உடுப்புப் பை கிடக்குது அப்பா.”

“எதுக்கு?”

“அம்மா ரெடியா இருக்கச் சொன்னவா. ஆனா அப்பா கூப்பிடும்வரைக்கும் வராதை எண்டு சொன்னவா. வியாழக்கிழமை ஆறு மணிக்கு முதல் ஒருக்கா எடு, அப்பதான் அவருக்குக் கேக்க லேசா இருக்கும் எண்டு சொன்னவா.” வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்து, “நான் எடுத்தனான்தானே அப்பா” என்றாள்.

நான் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றேன்.

அங்கே பல நாள்கள் இருந்தோம். சத்திரசிகிச்சையை அவளுடைய இதயம் தாங்காது என்றார்கள். பிறகு நுரையீரலில் நீர் ஏறியது. பிறகு வாயையும் மூக்கையும் மூடிய முகமூடி வந்தது, அதனால் பேச்சு நின்றது. நான் கட்டிலின் வலப்புற நாற்காலியை விட்டு எழும்பவில்லை. மகள் இடப்புறம் இருந்தாள். வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று அவளும் தாதியரும் சொன்னார்கள். நான் கொப்பியில் நேரங்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் பிற்பகல் மூன்று மணியளவில் என் மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, பேனை பிடித்த கையை. நெடுநேரம் பார்த்தாள். பின் தன் வலக்கையைப் போர்வையிலிருந்து எடுத்தாள். அதை உயர்த்துவதற்கு அவளுக்கு வேண்டியிருந்த நேரத்தை நான் குறித்துவைக்கவில்லை. இடது முழங்கையைத் தொட்டாள்.

நான் கொப்பியைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருக்கலாம் என்று நினைத்தேன்.

மீண்டும் தொட்டாள்.

எழும்பினேன். கட்டிலைச் சுற்றிப் போனேன். மகள் இடக்கையை நீட்டினாள். கொப்பியை அந்தக் கையில் வைத்தேன்.

“கடைசியா எப்ப வாய் நனைச்சது எண்டு அதிலை இருக்கு” என்றேன்.

“நான் பாக்கிறன் அப்பா. நீங்கள் போங்கோ.”

வாசலில் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி மகளின் பக்கம் திரும்பியிருந்தாள்.

வாகனத் தரிப்பிடத்தில் மகளின் காரின் பின் இருக்கையில், அந்த உடுப்புப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். உடனே உறங்கினேன். பல மாதங்களில் அப்படி உறங்கியதில்லை. நான்கு முப்பத்தைந்துக்கு மகள் கண்ணாடியில் தட்டினாள். இடக்கையால் தட்டினாள் என்பதைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்குமுன் அதைத்தான் பார்த்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். மகள் இருந்தாள் என்றேன். அது சரியான விடை. சிலர் அதைக் கேட்டு எனக்காக வருந்தினார்கள். அவர்களைத் திருத்தவில்லை.

இன்னும் செய்யப்படாதவை:

ஒட்சிசன் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும்படி நிறுவனத்துக்கு அறிவித்தல்.

உதவியாளருக்கான படிவத்தை மேசையிலிருந்து அகற்றுதல்.

அணி அந்தப் பருவத்தை எப்படி முடித்தது என்று யாரிடமாவது கேட்டல்.

மகளை அழைத்தல். கொப்பியின் கடைசிப் பக்கம் அவளுடைய கையெழுத்து. அதை நான் இன்னும் வாசிக்கவில்லை. வந்து வாசித்துக் காட்டும்படி அவளிடம் கேட்டல்.